முதல் தொலைகாட்டிக்கு ஆடி: தேய்ப்பதா, வாங்குவதா?

தொலைகாட்டி செய்யப் புறப்படுகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை அங்குல ஆடி?" என்பதைத்தான்; ஆடி என்றால் ஒளியைத் திரட்டும் குழிக் கண்ணாடி. திருகோணமலையில் இருந்துகொண்டு கேட்பதென்றால் கணக்கைக் கடைசியிலிருந்து போட்டுப் பார்ப்பது நல்லது. தேய்த்து, மெருகேற்றி, வடிவம் பிடித்து முடித்த கண்ணாடிக்கு அலுமினியம் பூசுவது எங்கே? அதற்கு வெற்றிடக் கலம் வேண்டும். நம் ஊரில் அது இல்லை. பூசுகிறவர் எங்கே இருக்கிறாரோ அங்கே, பெரும்பாலும் கடல் கடந்து, அனுப்பி எடுக்க வேண்டும். கடற்கரை ஊரில் அந்தப் பூச்சும் நிரந்தரமில்லை. சில வருடங்களில் மறுபடியும் அனுப்ப வேண்டிவரும். அளவு, கண்ணாடியின் வகை, குவியத் தூரம் (ஆடியிலிருந்து ஒளி ஒன்றுகூடும் இடம்வரையான தூரம்) ஆகிய தெரிவுகளை இந்த ஒரு விடயத்தை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பெரிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பணம் மிச்சம் பிடிக்கலாம் என்று ஆடி தேய்க்க இறங்குகிறவர் ஏமாந்துபோவார். 114, 130 மில்லிமீற்றர் ஆடிகளைத் தொழிற்சாலைகள் ஆயிரக்கணக்கில் செய்து தள்ளுகின்றன. அந்த விலையோடு நம்மால் போட்டி போட முடியாது. கண்ணாடி, தேய்ப்புத் தூள்கள், மெருகுத் தூள், பிட்ச் என்னும் தார் போன்ற பிசின், பூச்சுக் கூலி, தபால், சுங்கத் தீர்வை என்று கூட்டிக்கொண்டே போனால், அந்தச் சிறிய அளவில் முழுத் தொலைகாட்டியே வாங்கியிருக்கலாமே என்று தோன்றும். அளவு ஏற ஏறத்தான் கைவேலைக்கு விலையில் சாதகம் பிறக்கும்.

வாங்குவதிலும் ஒரு பொறி இருக்கிறது. 114 மில்லிமீற்றர் ஆடி, 1000 மில்லிமீற்றர் குவியத் தூரம் என்று பெட்டியில் அச்சிட்டிருக்கும்; குழாயோ அரை மீற்றர்தான் இருக்கும். உள்ளே ஒரு சிறிய திருத்து வில்லையை வைத்துக் குவியத் தூரத்தை நீட்டியிருக்கிறார்கள் என்று பொருள். அந்த வில்லை அநேகமாக மட்டமானது. ஆடியை நேர்ப்படுத்துவதும் சிரமம். குழாயின் நீளமும் குவியத் தூரமும் ஏறத்தாழ ஒத்துப்போகாத நியூட்டன் வகைத் (குழி ஆடியும் சிறிய தட்டைத் துணை ஆடியும் கொண்ட) தொலைகாட்டியை யாராவது மலிவாகத் தருகிறேன் என்றால் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

இடையில் ஒரு வழி உண்டு. முடிந்த ஆடியையும் துணை ஆடியையும் மட்டும் வரவழைத்து, குழாயையும் தாங்கியையும் இங்கேயே ஒட்டுப்பலகையில் செய்வது. வருகிற கோடையிலேயே சனியின் வளையத்தைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு இதுவே சரி. அவரைத் தேய்க்கச் சொல்வது வீண் தொந்தரவு. ஒரு தட்டைக் கண்ணாடி எப்படிக் குழியாகிறது, அந்தக் குழியை எப்படி ஒளியால் அளக்கிறார்கள் என்று தன் கையால் அறிய விரும்புகிறவருக்கு மட்டும்தான் தேய்ப்பு. இரண்டும் வேண்டும் என்பவர் வாங்கிய ஆடியோடு முதல் கோடையைக் கழித்துவிட்டு, அதன் பிறகு தேய்க்க உட்காரலாம்.

இனித் தேய்க்கிறவர்களுக்கு மட்டும்.

நான் பரிந்துரைப்பது 150 மில்லிமீற்றர் விட்டம், 1200 மில்லிமீற்றர் குவியத் தூரம். விட்டத்தைப் போல எட்டு மடங்கு குவியத் தூரம் என்பதால் இதை எஃப் 8 என்பார்கள். இதற்குப் போட்டியாக நிற்பவை மூன்று: 114 எஃப் 8, 150 எஃப் 5, 200 எஃப் 6.

எஃப் 8 ஐப் பிடித்துக்கொண்டு நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. இரண்டு கண்ணாடிகளை நடுவில் தூள் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகத் தேய்த்தால், மேலே இருப்பது குழியும், கீழே இருப்பது குவியும். எல்லாத் திசையிலும் சுற்றிச் சுற்றித் தேய்ப்பதால் அந்தக் குழி தானாகவே கோள வடிவம் எடுக்கும். தொலைகாட்டிக்கு வேண்டியதோ பரவளைவு, அதாவது தூரத்து ஒளியை ஒரே புள்ளியில் சேர்க்கும் வளைவு. கோளத்துக்கும் பரவளைவுக்கும் இடையிலுள்ள வேறுபாடு 150 எஃப் 8 இல், ஒளியலையின் கணக்கில், கால் அலைநீளத்துக்குச் சற்றே மேல். பார்வைக்கு நல்ல ஆடி என்று வழக்கமாக ஏற்கப்படும் எல்லையும் அதே கால் அலைநீளம்தான். அதாவது உங்கள் ஆடி சுத்தமான கோளமாக நின்றுவிட்டால்கூட வியாழனின் பட்டிகளைக் காட்டும். நடுவைச் சற்று ஆழமாக்கிப் பரவளைவின் பக்கம் பாதி தூரம் நகர்த்தினால் மிக நல்ல ஆடி. 200 எஃப் 6 ஐக் கோளமாக விட்டால் பிழை முக்கால் அலையைத் தாண்டும். 150 எஃப் 5 இல் ஒரு முழு அலையையும் தாண்டும். அவை இரண்டுக்கும் பரவளைவு ஆக்கும் வேலை கட்டாயம். முதல் ஆடி தேய்க்கிறவர் தடுக்கி விழும் இடமும் அதுவே.

தேய்க்க வேண்டிய ஆழத்திலும் வேறுபாடு உண்டு. 150 எஃப் 8 க்கு நடுவில் 1.2 மில்லிமீற்றர் குழி போதும். எஃப் 5 க்கு 1.9. 200 எஃப் 6 க்கு 2.1, பரப்பளவும் 1.8 மடங்கு. ஒரு மில்லிமீற்றர்தானே என்று நினைக்கலாம். கண்ணாடியைக் கையால் அரைத்துப் பார்த்தவருக்கு ஒரு மில்லிமீற்றர் என்றால் என்னவென்று தெரியும்.

150 எஃப் 5 இன் கவர்ச்சி குட்டைக் குழாய். மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நிலாவெளிக்கோ குச்சவெளிக்கோ போய்விடலாம். ஆனால் எஃப் 5 இன் குவியத்தில், நட்சத்திரம் வால் முளைக்காமல் தெரியும் வட்டம் 3 மில்லிமீற்றரும் வராது. எஃப் 8 இல் அது 11 மில்லிமீற்றர். ஆடியை நேர்ப்படுத்துவதில் சிறிது பிசகினாலும் எஃப் 8 மன்னிக்கும், எஃப் 5 மன்னிக்காது. மலிவான பார்வைத்துண்டுகள் (கண்ணருகே வைத்துப் பார்க்கும் வில்லைகள்) எஃப் 8 இல் நன்றாகவே வேலை செய்யும்; எஃப் 5 இல் ஓரமெல்லாம் குழம்பும். தேய்ப்பில் மிஞ்சிய பணம் பார்வைத்துண்டில் போய்விடும். எஃப் 8 இன் 1.3 மீற்றர்க் குழாயும் முச்சக்கரவண்டியின் பின் இருக்கையில் குறுக்கே வைத்தால் போய்ச் சேரும், ஓட்டுநர் கொஞ்சம் முணுமுணுப்பார்.

உண்மையான சபலம் 200 எஃப் 6 தான். குவியத் தூரம் அதே 1200 என்பதால் குழாயின் நீளம் ஒன்றுதான், ஒளி 1.8 மடங்கு. நமது அகலக்கோடு வடக்கு 8½ பாகை. ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கண்ணுக்கே எட்டாத ஒமேகா சென்டோரி என்னும் கோள நட்சத்திரக் கொத்து இங்கே கொட்டியாரக்குடாவுக்கு மேலே 34 பாகை உயரம் வரை ஏறும். 200 இல் அது நடுவரை மணிமணியாகப் பிரியும். 150 இல் ஓரத்து நட்சத்திரங்கள் பிரியும், நடு மங்கலாகத் திரண்டு நிற்கும். அந்த வேறுபாட்டை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனாலும் 200 ஐ இரண்டாவது ஆடியாக வைத்துக்கொள்ளுங்கள். 25 மில்லிமீற்றர் தடிப்பில் அந்தக் கண்ணாடி மட்டும் இரண்டு கிலோ நிறை. பூச்சுக்கு அனுப்பும் தபால் செலவு ஒவ்வொரு முறையும் அதற்கேற்ப ஏறும்.

114 எஃப் 8 ஐப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. கோளமாகவே விட்டாலும் எல்லைக்குள் நிற்கும். பாடசாலை விஞ்ஞானக் கழகத்துக்குப் பொருத்தம். வீட்டில் தனியாகத் தேய்க்கிறவர் ஒரே வருடத்தில் பெரிது கேட்பார்.

கண்ணாடிக்கு வருவோம். வழிகாட்டிகள் எல்லாம் பைரெக்ஸ் வகையான போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியே நல்லது என்கின்றன. காரணம் சரியானது: சாதாரணக் கண்ணாடி ஒரு பாகை செல்சியசுக்குப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 9 பங்கு விரியும், போரோசிலிக்கேற்று 3.3 பங்குதான். ஆனால் அந்த அறிவுரை, மாலைக்கும் நள்ளிரவுக்கும் இடையில் வெப்பநிலை சரேலென விழும் நாடுகளில் எழுதப்பட்டது. கடல் சூழ்ந்த நம் ஊரில் இரவு இறங்குவது சில பாகைதான். குளிரூட்டி இல்லாத அறையில் வைத்திருந்த ஆடியை முற்றத்துக்குக் கொண்டுவந்தால் அது ஏறக்குறைய ஏற்கெனவே வெளிக்காற்றின் வெப்பநிலையில் இருக்கும். வானம் பார்க்கும்போது சாதாரணக் கண்ணாடியால் நமக்கு வரும் நட்டம் மிகச் சிறிது. வடிவம் பிடிக்கும்போதுதான் கொஞ்சம் கை கட்டிப் பொறுக்க வேண்டும்: பிட்ச் பூசிய மெருகுத் தட்டின் உராய்வும் உள்ளங்கைச் சூடும் ஆறுவதற்கு ஓரிரு மணி விட்டுத்தான் சோதிக்கலாம். அந்தப் பொறுமைக்கு வெளிநாட்டுக் கண்ணாடியின் விலையைக் கொடுக்க வேண்டியதில்லை.

தடிப்பில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். விட்டத்தில் ஆறில் ஒன்று என்பது பழைய விதி. 150 க்கு 25 மில்லிமீற்றர். 19 இருந்தால் தாராளம். மேசைக்கும் யன்னலுக்கும் வெட்டுகிற கடைகளில் இலகுவாக அகப்படுவது 12 வரைதான். அதில் தொடங்கினால் கை அழுத்தத்துக்கே கண்ணாடி வளைந்து கொடுக்கும். முடிவில் நட்சத்திரம் புள்ளியாக நிற்காமல் ஒரு பக்கம் இழுபட்டுத் தெரியும். 19 ஐச் சொல்லி வைத்து எடுப்பிக்கலாம்.

துறைமுக ஊரில் இன்னொரு வழியும் நினைவுக்கு வரும்: கப்பல் யன்னல். மேலும் கீழும், பக்கவாட்டிலும் திருப்பும் எளிய டொப்சன் தாங்கிக்குப் பெயர் தந்த ஜோன் டொப்சன் சான் பிரான்சிஸ்கோவில் பழைய கப்பல் யன்னல் கண்ணாடிகளைத்தான் தேய்த்தார். பழைய இரும்புக் கடையில் வட்டமாக, தடிப்பாக ஒன்று கண்ணில் பட்டால் கை பரபரக்கத்தான் செய்யும். ஆனால் கப்பல் யன்னல்களில் வெப்பத்தால் உரமேற்றிய கண்ணாடி உண்டு. அதைத் தேய்த்தால் உள்ளே அடைபட்ட இழுவிசை சமநிலை குலைந்து வடிவம் நிற்காது, சில வேளை வெடித்துச் சிதறும். கடையில் வைத்தே சோதிக்க ஒரு வழி இருக்கிறது. கணினித் திரையிலோ கைப்பேசியிலோ வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, அதன் முன்னே கண்ணாடியைப் பிடித்து, ஒளியை முனைவாக்கும் (polarised) கறுப்பு மூக்குக்கண்ணாடி ஒன்றினூடாகப் பாருங்கள். கறுப்புக் கண்ணாடியை மெல்லத் திருப்பித் திரை இருளும் இடத்தில் நிறுத்துங்கள். நல்ல கண்ணாடி சீராக இருளும். உரமேற்றியதானால் ஓரத்தைச் சுற்றி வெளிச்சப் பட்டைகளும், சிலவற்றில் சிலுவை வடிவமும் தெரியும். தெரிந்தால், கடைக்காரர் பாதி விலைக்குத் தந்தாலும் வேண்டாம்.

ஆடியைத் தேய்க்க அதன் கீழே வைக்கும் அடித்தட்டுக்கு இன்னொரு கண்ணாடி வட்டமா, பிளாஸ்டர் ஒஃப் பரிஸில் வார்த்த தட்டில் சிறிய தரை ஓடுகள் ஒட்டியதா என்பது அடுத்தது. இரண்டாவதே. மலிவு, நம் ஊர்க் கட்டடப் பொருட்கடையிலேயே எல்லாம் கிடைக்கும். பிளாஸ்டரை நன்றாகக் காயவிட்டு எப்பொக்சி பூசி மூட வேண்டும். நமது ஈரக்காற்றில் மூடாத பிளாஸ்டர் மாவாகி, கரடுமுரடான துகள் மெல்லிய தூளோடு கலந்து கீறல் போடும்.

தேய்ப்புத் தூள் சிலிக்கன் காபைட்டு, வழக்கமாகக் காபொரண்டம் என்பார்கள். 80 ஆம் இலக்கத்தில் தொடங்கி 120, 220, 320, 500 என்று போகலாம்; இலக்கம் கூடக் கூடத் தூள் மெல்லியது. தூள் மாறும் ஒவ்வொரு தடவையும் கை, வாளி, மேசை, நகக்கண் எல்லாம் கழுவ வேண்டும். 80 ஆம் இலக்கத்தில் நறநறவென்று அண்டை வீட்டுக்குக் கேட்கும் சத்தம், தூள் உடையத் தணிந்து, பிறகு சளசளவென்று ஆகும். அப்போது புதுத் தூளும் தண்ணீரும். குழி எவ்வளவு ஆழம் என்று பார்க்க வெயில் போதும்: ஆடியைத் தண்ணீரில் நனைத்துச் சூரியனுக்குக் காட்டி, வெளிச்சத் திட்டு சுவரில் மிகச் சிறிதாகும் தூரத்தை நாடாவால் அளந்தால் அதுதான் அப்போதைய குவியத் தூரம். தொடக்கத்தில் பத்து மீற்றர் தள்ளி நிற்கும் திட்டு, தேய்க்கத் தேய்க்க நெருங்கி வரும். 1200 க்குச் சற்று மேலே நிற்கும்போது 80 ஐ நிறுத்திவிடுங்கள். மெல்லிய தூள்கள் மீதியைக் குறைக்கும்.

மெருகுக்குச் சீரியம் ஒட்சைட்டு. புல்மோட்டை மணலில் இருக்கும் மொனசைற்றில் சீரியம் உண்டு; ஆனாலும் தூளாக அது நமக்குத் தபாலில்தான் வருகிறது. வேதனையான வேடிக்கை. மெருகுத் தட்டின் பிட்ச்தான் நமது வெயிலில் தகராறு செய்யும். குளிர் நாடுகளுக்கென்று மென்மையாகச் செய்த பிட்ச் 32 பாகையில் வழிந்து, வெட்டி வைத்த வாய்க்கால்களை மூடிவிடும். கடினமான தரத்தைக் கேட்டு வாங்குங்கள், அல்லது வயலின் வில்லுக்குப் பூசும் ரோசினைச் சிறிது சேர்த்து உருக்குங்கள். பெருவிரல் நகத்தை ஊன்றிச் சில நொடி பிடித்தால் மெல்லிய தடம் விழ வேண்டும். உடனே புதைந்தால் மென்மை, நொறுங்கினால் கடினம். உருக்குவதை வெளியே, மூடியோடு, தீச்சுவாலைக்கு நேரே இல்லாமல் செய்யுங்கள். பிட்ச் தீப்பிடிக்கும்.

எந்தப் பருவத்தில் செய்வது? கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் வீட்டுக்குள் எங்கும் மணல். மெருகுத் தட்டில் ஒரு மணல் விழுந்தால் திரும்பவும் 500 க்குப் போக வேண்டும். ஆகவே கரடுத் தேய்ப்பைக் கோடையில் முற்றத்திலும், மெருகை ஐப்பசிக்குப் பின் மாரியில் யன்னல் சாத்திய அறையிலும் வையுங்கள். மழை முகிலில் வானமும் பார்க்க முடியாத காலம் அது. வேறு வேலையும் இல்லை.

வடிவத்தைச் சோதிக்கப் பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858 இல் தந்த கத்தி முனை முறையே இன்றும் போதும். ஒரு எல்.ஈ.டி. விளக்கு, ஒரு சவர அலகு, வளைவின் மையமான 2.4 மீற்றர் தூரம். நடு அறையின் நீளம் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, இரவில் செய்யுங்கள். 70 நனோமீற்றர் மேடு, தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு, மலை போல நிழல் விழுத்திக் காட்டும். கடையில் வாங்கும் எந்த அளவுகோலும் இதற்குக் கிட்ட வராது.

இனிப் பூச்சு. இங்கே மூன்று தெரிவுகள். முதலாவதை யாரும் தெரிவாகவே எண்ணுவதில்லை. பூச்சே இல்லாமல் பார்ப்பது. மெருகேறிய வெறுங் கண்ணாடி தன்மேல் விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் தெறிக்கும். 150 மில்லிமீற்றர் வெறும் ஆடி, ஒளியளவில் 30 மில்லிமீற்றர் வில்லைக்குச் சமம். நுணுக்கம் பிரிக்கும் திறனோ முழு 150 க்கும் உரியது. நிலவுக்கு அது தாராளம், கண் கூசாமல்கூட இருக்கும். வியாழனும் தெரியும். ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைக் குவியத்துக்கு உள்ளேயும் வெளியேயும் நகர்த்தி ஆடியின் குறையைக் கண்டுபிடித்து, தேவையென்றால் மீண்டும் மெருகுத் தட்டுக்குத் திரும்பலாம். பூசிய பின் திரும்பினால் பூச்சுக் காசு போச்சு. வெறும் கண்ணாடி என்பதற்காகச் சூரியனை மட்டும் நோக்காதீர்கள். அந்த 4 சதவீதமும் கண்ணைப் பறிக்கும்.

இரண்டாவது, வீட்டிலேயே வெள்ளி பூசுவது. உயர்தர இரசாயனவியல் படித்தவர்களுக்குச் சோதனைக் குழாயின் உட்சுவரில் ஆடி படியும் அந்தப் பரிசோதனை நினைவிருக்கும்: வெள்ளி நைத்திரேற்று, அமோனியா, குளுக்கோசு. 1850களில் கண்ணாடி ஆடிகள் தொடங்கியதே இந்த முறையில்தான். 1930களில் ஜோன் ஸ்ட்ரோங் வெற்றிடத்தில் அலுமினியம் பூசிக் காட்டும்வரை பெரிய வானாய்வகங்களும் வெள்ளியைத்தான் திரும்பத் திரும்பப் பூசின. புதிய வெள்ளி அலுமினியத்தைவிட நன்றாகத் தெறிக்கும். ஆனால் அது கறுக்கும். கடற்காற்றில் மாதக்கணக்கில்தான் நிற்கும். அதைவிட முக்கியம், அமோனியா சேர்ந்த வெள்ளிக் கரைசலை எடுத்து வைத்தால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். மிஞ்சியதை அன்றே அமிலமாக்கி அகற்ற வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிந்து, பழக்கமுள்ள இரசாயன ஆசிரியர் பக்கத்தில் நின்றாலொழிய இதைத் தொட வேண்டாம். ஒவ்வொரு வருடமும் இந்தத் தலையிடியை ஏற்க எனக்கு மனமில்லை.

மூன்றாவது அலுமினியம், மேலே சிலிக்கா காப்புப் படையோடு. 88, 90 சதவீதம் தெறிக்கும். காப்புப் படை இல்லாமல் மலிவாகச் செய்து தருகிறோம் என்றால் நம் ஊருக்கு ஒத்துவராது. உப்புக் காற்று ஊசிமுனைத் துளைகளைப் போட்டுவிடும். பார்த்து முடிந்ததும் பனி காய்ந்த பிறகே மூடி, உறிஞ்சும் சிலிக்கா பொதியோடு வைத்தால் பூச்சு நீடிக்கும்.

ஆகவே 150 எஃப் 8, 19 மில்லிமீற்றர் சாதாரணக் கண்ணாடி, ஓட்டுத் தட்டு, கடினப் பிட்ச், முதலில் வெறும் ஆடியோடு நிலவு, கடைசியில் அலுமினியம். தாங்கி டொப்சன் வகை. துருவ நட்சத்திரம் அடிவானத்தை உரசிக்கொண்டு நிற்கும் அகலக்கோட்டில் அச்சைச் சாய்க்கும் தாங்கியோடு முதல் தடவையிலேயே மல்லுக்கட்ட வேண்டாம். துணை ஆடியைத் தேய்க்க நினைக்காதீர்கள். தட்டையான பரப்பு குழியைவிடக் கடினம். 25 மில்லிமீற்றர் துணை ஆடி ஒன்றைத் தூள்களோடு சேர்த்து ஒரே பார்சலில் வரவழையுங்கள்.

பூச்சுக்கு அனுப்பும்போது ஆடியின் பின்பக்கத்தில் விட்டமும் குவியத் தூரமும் திகதியும் வைர முனையால் கீறிவிடுங்கள். மெருகேறிய முகத்தில் பஞ்சோ தாளோ படக்கூடாது. விளிம்பில் மட்டும் தாங்கும் மரப்பெட்டி செய்யச் சொல்லுங்கள். போகும்போது தபால் பற்றுச்சீட்டையும் ஒரு புகைப்படத்தையும் எடுத்து வையுங்கள். திரும்பி வருவது நம் சொந்தப் பொருள், புதிதாக வாங்கியதல்ல என்று சுங்கத்தில் காட்ட அவை உதவும்.